கடைசி செமஸ்டரும் தோழியரும்: ஒரு தந்தைக்கு எழுதிய பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

விருதுநகரிலிருந்து தாங்கள் எழுதிய நான்கு பக்கக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கோவையில் இ.சி.இ. (மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியல்) நான்காம் ஆண்டு படிக்கும் தங்கள் மகள் பொங்கல் விடுமுறைக்குப் பிறகு ஒரே ஒரு முறைதான் வீட்டுக்கு வந்தாள் என்றும், கூப்பிட்டால் சிம்போசியம் (மாணவர் கருத்தரங்கு), கல்ச்சுரல்ஸ் (கலைவிழா), ஃபேர்வெல் (பிரிவு விழா), தோழியின் அக்கா திருமணம் என்று வாரத்துக்கு ஒரு காரணம் சொல்கிறாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வேலையே கிடைக்காத நேரத்தில் இதெல்லாம் எதற்கு என்று தாங்கள் கேட்டபோது அவள் அழுதுகொண்டே போனை வைத்துவிட்டாள் என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். விடுதியைக் காலி செய்து அவளை வீட்டுக்கு அழைத்து வந்துவிடலாமா, புராஜெக்ட் ரிவ்யூ நாட்களில் மட்டும் போய்வந்தால் போதாதா என்பது தங்கள் கேள்வி. என் மகள் வயதுடையவள் என்பதால் நானும் அவளை 'அவள்' என்றே எழுதுகிறேன். தாங்கள் தவறாக எண்ண வேண்டாம்.

அழைத்து வராதீர்கள் என்பதே என் பதில். அதற்கான காரணங்களை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தங்கள் அச்சத்தில் பாதி நியாயமானது, அந்தப் பாதியைக் கவனிக்காமல் விடக் கூடாது.

எட்டாம் செமஸ்டர் என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் படிப்பே இல்லாத செமஸ்டர் போலத் தோன்றும். பாட வகுப்புகள் குறைந்து, புராஜெக்ட்தான் பெரும்பகுதியாக இருக்கும். ஆனால் அந்த புராஜெக்டைச் செய்வது ஒருவரல்ல, மூன்று அல்லது நான்கு பேர் கொண்ட குழு. பெரும்பாலும் தாங்கள் ஊர் சுற்றுவதாக நினைக்கும் அதே தோழியர்தான் அந்தக் குழுவிலும் இருப்பார்கள். சென்ற ஆண்டு மார்ச் மாதம் இப்படிப்பட்ட ஒரு குழு, மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் என் அலுவலகத்துக்கு வந்திருந்தது. நால்வரில் ஒருத்தி வெளியிலிருந்து வரும் தேர்வாளராக நாற்காலியில் அமர்ந்துகொண்டு, "இந்த சென்சாரை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள், இதைவிட விலை குறைந்தது இல்லையா?" என்று கேட்க, எப்போதும் பேசாமல் இருக்கும் மற்றொருத்தி மூன்று முறை தடுமாறி, நான்காம் முறை நிமிர்ந்து பதில் சொன்னாள். இன்டர்வியூவில் எப்படிப் பேசுவது என்று நான் ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்திருந்தாலும் அந்த நான்காம் பதில் அவளிடமிருந்து வந்திருக்காது. வீட்டில் தனியறையில் உட்கார வைத்தால் தங்கள் மகளுக்கு இந்தப் பயிற்சி கிடைக்காமல் போகும்.

அடுத்து, நட்பு வேலைக்கு உதவுமா என்ற கேள்வி. இதில் என் சொந்த அனுபவத்தை முதலில் சொல்ல வேண்டும். நான் 1994இல் திருநெல்வேலியில் பி.காம். முடித்தேன். கடைசி நாளன்று எல்லோரும் ஆட்டோகிராப் நோட்டைக் கைமாற்றிக்கொண்டிருந்தோம். மூன்று ஆண்டுகளில் நான் பத்து வார்த்தைகூடப் பேசியிராத, எதிர் வரிசையில் அமரும் ஒரு பெண், வாழ்த்து எதுவும் எழுதாமல் தன் வீட்டு முகவரியை மட்டும் பச்சை மையில் எழுதிக் கொடுத்தாள். நவம்பர் மாதம், எங்கு விண்ணப்பித்தும் பதில் வராமல் நான் சோர்ந்திருந்தபோது, அந்த முகவரிக்கு ஒரு கார்டு போட்டேன். அவள் வேலை பார்த்த அலுவலகத்தில் கணக்கெழுத ஆள் தேவை என்று பதில் வந்தது. என் முதல் சம்பளம் அந்தப் பச்சை மையிலிருந்து வந்தது. என் உயிர்த்தோழிகள் நால்வருக்கும் அந்த வேலையைப் பற்றித் தெரிந்திருக்கவில்லை, ஏனென்றால் அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் எனக்கும் தெரிந்தவைதான்.

இது என் ஒருத்தியின் கதை மட்டும் அல்ல என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், பாஸ்டன் நகரை அடுத்த நியூட்டனில் அண்மையில் வேலை மாறியவர்களை ஆராய்ந்து 1973இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்த நபரை எவ்வளவு அடிக்கடி சந்தித்து வந்தீர்கள் என்று அவர் கேட்டபோது, அடிக்கடி சந்தித்தவர் என்று சொன்னோர் 17 விழுக்காட்டுக்கும் குறைவு. எப்போதாவது சந்தித்தவர் என்றோர் 55 விழுக்காட்டுக்கும் மேல். மிக அரிதாகச் சந்தித்தவர் என்றோர் ஏறத்தாழ 28 விழுக்காடு. நெருங்கிய நண்பர்கள் நம்மைப் போலவே ஒரே வட்டத்துக்குள் இருப்பவர்கள். புதிய செய்தி சற்றே விலகி நிற்பவரிடமிருந்து வருகிறது என்பது அவர் கண்டறிந்த காரணம். நாடும் காலமும் வேறு என்றாலும், இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மாணவர்களைப் பார்த்துவரும் எனக்கு அந்தக் காரணம் முழுக்கப் பொருந்துவதாகவே தெரிகிறது.

ஆகவே, தங்களுக்கு எரிச்சலூட்டும் அந்த சிம்போசியத்தையும் கல்ச்சுரல்ஸையும் சற்று வேறு விதமாகப் பாருங்கள். வேறு துறை மாணவர்களையும் வேறு கல்லூரி மாணவர்களையும் தங்கள் மகள் சந்திப்பது அங்குதான். அறைத்தோழியர் ஐந்து பேருடனேயே எந்நேரமும் சுற்றிக்கொண்டிருந்தால்தான் நான் கவலைப்படுவேன். பதிவு மேசையில் அமர்ந்து நூறு பேரின் பெயரை எழுதிக்கொண்ட பெண்ணைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன். அவளிடம் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: இந்த மூன்று மாதங்களில், இதுவரை பேசாத வகுப்புத் தோழர்களிடமும், வேலைக்குப் போய்விட்ட சீனியர்களிடமும் போன் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

இனி, தங்கள் அச்சத்தின் நியாயமான பாதிக்கு வருகிறேன். கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், ஏதோ சிறிய செய்தி போல, ஐந்தாம் செமஸ்டரில் ஒரு பேப்பர் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஐயா, முதல் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டியது அதுதான். வளாகத் தேர்வுக்கு (கல்லூரிக்கே வந்து வேலைக்கு ஆள் எடுப்பது) வரும் நிறுவனங்களில் பல, அரியர் (தேறாமல் நிற்கும் தாள்) இல்லாதவர்களையே அழைக்கின்றன. தங்கள் மகளுக்கு இதுவரை வேலை கிடைக்காததற்கு அந்த ஒரு தாளே காரணமாக இருக்கக்கூடும், தோழியர் அல்ல. செமஸ்டர் தேர்வுகள் ஏப்ரல்-மே, நவம்பர்-டிசம்பர் என ஆண்டுக்கு இருமுறைதான் நடக்கின்றன. இந்த ஏப்ரலில் அது தேறாவிட்டால் அடுத்த வாய்ப்பு நவம்பரில். முடிவு வெளிவரும்போது புத்தாண்டு பிறந்திருக்கும். அதுவரை பட்டம் கையில் இருக்காது, பட்டம் கேட்கும் எந்த இடத்துக்கும் போக முடியாது. ஒரு தாளுக்காக ஏறத்தாழ ஓராண்டு போய்விடும்.

நின்றிருப்பது டிரான்ஸ்மிஷன் லைன்ஸ் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். இ.சி.இ. மாணவர்கள் பலர் அஞ்சும் பாடம் அது. அதில் ஸ்மித் சார்ட் என்று ஒன்று உண்டு. வட்டத்துக்குள் வட்டமாக வளைகோடுகள் நிறைந்த, கணக்குகளுக்கு விடை காண உதவும் ஒரு வரைபடம். புத்தகத்தைப் பார்த்துத் தனியாகப் படித்தால் தலை சுற்றும். ஆனால் தெரிந்த ஒருத்தி பக்கத்தில் அமர்ந்து, காம்பஸை எங்கே ஊன்ற வேண்டும், எந்தத் திசையில் நகர வேண்டும் என்று பென்சிலால் காட்டினால், இரண்டு மாலை நேரங்களில் பிடிபட்டுவிடும். பெரிய மதிப்பெண் கேள்விகள் அதிலிருந்து வருவது வழக்கம். அந்தப் பாடத்தில் தேறிய தோழி நிச்சயம் அதே விடுதியில் இருப்பாள். காலை ஆறு முதல் ஏழு வரை அவளோடு அமர்ந்து படிக்கச் சொல்லுங்கள். மாலையில் ஃபேர்வெல் நடன ஒத்திகைக்குப் போகட்டும். தேர்வுக் கட்டணம் கட்டியாயிற்றா என்பதை மட்டும் இன்றே கேட்டுவிடுங்கள். கடைசித் தேதியைத் தவறவிட்டு வந்து நின்ற மாணவர்களை நான் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அந்த முகங்களைப் பார்ப்பது மிகவும் வேதனையானது.

தோழியரோடு மகள் சுற்றுலா போவது பற்றித் தாங்கள் எழுதியிருந்த பயத்தையும் நான் ஒதுக்கிவிடவில்லை. மூன்று பைக்குகளில் ஆறு பேர் வால்பாறைக்குப் போகத் திட்டமிடுகிறார்கள் என்றால், ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதை அது. போகவே கூடாது என்று தடுத்தால் சொல்லாமல் போவார்கள். பொள்ளாச்சியிலிருந்து பேருந்தில் போங்கள், இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள், தங்கும் இடத்தின் எண்ணைக் கொடுங்கள் என்று கேட்டால் பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள். ஃபேர்வெல் புடவைக்கும் பயணத்துக்கும் தனித்தனியாகப் பணம் கேட்கும்போது தங்களுக்குக் கோபம் வருவது இயல்பே. அதற்குப் பதிலாக, மே மாதம் வரைக்கும் சேர்த்து ஒரு தொகையை ஒரே முறையாகக் கொடுத்து, இதற்குமேல் என்னால் இயலாது என்று உள்ளபடி சொல்லிவிடுங்கள். வீட்டின் வருமானம் தெரிந்த பிள்ளைகள் நாம் நினைப்பதைவிடச் சிக்கனமாக இருப்பார்கள்.

கல்விக்கடன் பற்றி எழுதியிருந்தீர்கள். பொதுவாக வங்கிகள் பின்பற்றும் மாதிரித் திட்டப்படி, படிப்புக் காலம் முடிந்து மேலும் ஓராண்டு கழித்தே தவணை தொடங்கும். ஜூன் மாதமே கட்ட வேண்டும் என்ற பதற்றம் வேண்டாம். ஆனாலும் தங்கள் கிளைக்கு ஒருமுறை சென்று, முதல் தவணை எந்த மாதம், எவ்வளவு என்பதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இதற்கிடையில், பணம் கட்டினால் பெரிய நிறுவனத்தில் வேலை உறுதி என்று யாராவது தங்களையோ மகளையோ அழைத்தால், ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். முறையான எந்த நிறுவனமும் வேலைக்குச் சேர்பவரிடம் முன்பணம் கேட்பதில்லை. இணையம் வழியாக ஏமாற்றப்பட்டுப் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

கடிதத்தின் கடைசி வரியில், வரன் பார்க்கத் தொடங்கிவிட்டதாகவும், அதை அவளிடம் சொல்லலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதில் என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். வைவா (புராஜெக்டின் இறுதி வாய்மொழித் தேர்வு) முடியும் வரை அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். முடிந்தபின் எடுப்பதானாலும் அவளைக் கேட்டு எடுங்கள். தோழியரோடு இவ்வளவு அவசரமாக அவள் நாட்களைச் செலவிடுவதற்கு, ஊர் திரும்பியதும் எல்லாம் முடிந்துவிடும் என்ற பயமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இதே போன்ற மாணவியர் பலர் என்னிடம் அதைச் சொல்லி அழுதிருக்கிறார்கள்.

நான் உண்மையில் அஞ்சுவது இந்த மூன்று மாதங்களை அல்ல, அதற்குப் பின் வரும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களை. விடுதி காலியாகும், ஒருத்தி சென்னைக்கும் ஒருத்தி பெங்களூருக்கும் வேலைக்குப் போய்விடுவார்கள், தங்கள் மகள் அறைக்குள் செல்போனோடு இருப்பாள். விண்ணப்பங்களுக்குப் பதில் வராது. உறவினர்கள் வீட்டுக்கு வரும்போது அவள் சமையலறைக்குள் போய்விடுவாள். அந்த நாட்களில் அவளைத் தாங்கப்போவது இப்போது அவள் வளர்த்துக்கொள்ளும் நட்புதான். விடுதியை விட்டுக் கிளம்புமுன் தோழியர் எல்லோரும் சேர்ந்து ஒன்றை முடிவு செய்துகொள்ளட்டும்: ஞாயிறுதோறும் மாலையில் எல்லோரும் அழைப்பில் வர வேண்டும், அந்த வாரம் கண்ணில் பட்ட ஆஃப்-கேம்பஸ் (கல்லூரிக்கு வெளியே நடக்கும் ஆள்சேர்ப்பு) அறிவிப்புகளைச் சொல்ல வேண்டும், வேலையில் சேர்ந்தவர்கள் தங்கள் நிறுவனத்தில் ரெஃபரல் (ஊழியர் ஒருவர் மற்றவரைப் பரிந்துரைப்பது) உண்டா என்று கேட்டுச் சொல்ல வேண்டும்.

மென்பொருள் அல்லாமல் தன் துறையிலேயே வேலை வேண்டும் என்று அவள் விரும்பினால், 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின்படி பட்டதாரிகளுக்கு உதவித்தொகையுடன் ஓராண்டுப் பயிற்சி உண்டு. தென்மாநிலங்களுக்கு இதைக் கவனிக்கும் வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது, இணையத்திலேயே பதிந்துகொள்ளலாம். பலர் இதைக் குறைவாக நினைக்கிறார்கள். தொழிற்சாலைக்குள் ஓராண்டு இருந்தவருக்கும் வீட்டில் ஓராண்டு காத்திருந்தவருக்கும் அடுத்த இன்டர்வியூவில் உள்ள வேறுபாட்டை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

இன்னும் ஒரு காகிதம் இருக்கிறது. நோ-டியூ படிவம், அதாவது பாக்கி எதுவும் இல்லை என்ற சான்று. நூலகம், ஆய்வகம், விடுதி, மெஸ் என்று ஒவ்வோர் இடத்திலும் கையெழுத்து வாங்க வேண்டும். அதன் பிறகே மாற்றுச் சான்றிதழும் காஷன் டெபாசிட்டும் (சேரும்போது கட்டிய முன்வைப்புத் தொகை) கிடைக்கும். ஃபேர்வெல் முடிந்த மயக்கத்தில் பலர் இதை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, ஒரு நூலகக் கையெழுத்துக்காக முந்நூறு கிலோமீட்டர் திரும்பிப் போகிறார்கள். தோழியர் ஒரே நாளில் சேர்ந்து போனால் ஒரு பகலில் முடிந்துவிடும். மாணவர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது. யாராவது மறுத்தால் எனக்குத் தெரிவியுங்கள்.

இன்று இரவு மகளை அழைத்துப் பேசுங்கள். வேலையைப் பற்றிக் கேட்காமல், ஃபேர்வெலுக்கு என்ன நிறத்தில் புடவை எடுக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். தேர்வுக் கட்டணம் பற்றிய கேள்வி அதற்கடுத்து வரட்டும். வைவா முடிந்த மறுவாரம், முன்கூட்டியே ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, இருவரும் என் அலுவலகத்துக்கு வாருங்கள். வரும்போது எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்களையும், அந்த மூன்று மாதங்களில் அவள் வாங்கி வைத்த எண்களின் பட்டியலையும் கொண்டுவரச் சொல்லுங்கள். அதை வைத்துக்கொண்டு ஜூன் மாதத்தைத் திட்டமிடுவோம்.

அன்புடன்,
தங்கள் ஆலோசகர்