சர்வாதிகாரி போனால் போதுமா?

கேள்வி: சர்வாதிகாரியை விரட்டிவிட்டாலே ஜனநாயகம் வந்துவிடாதா?

பதில்: வராதுங்க. ஆள் போய்விடுவார், அவரைத் தாங்கி நின்ற ராணுவமும் போலீஸும் அப்படியேதான் இருக்கும். எகிப்தில் 2011இல் 18 நாள் மக்கள் போராட்டத்தில் சர்வாதிகாரி முபாரக் பதவி விலகினார், அடுத்த ஆண்டே தேர்தலில் ஜெயித்து மோர்சி அதிபரானார், 2013 ஜூலையில் ராணுவம் அவரையும் இறக்கிவிட்டது. மியான்மர் கதை இன்னும் கொடுமை. ராணுவ ஆட்சியிலேயே எழுதப்பட்ட 2008 அரசியல் சட்டப்படி நாடாளுமன்றத்தில் 25 சதவீத இடம் ராணுவத்துக்கு. சட்டத்தைத் திருத்தவோ 75 சதவீதத்துக்கு மேல் ஆதரவு வேண்டும். அப்புறம் ராணுவம் ஒத்துக்கொள்ளாமல் எப்படித் திருத்துவது? 2021 பிப்ரவரியில் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தபோது, அந்த நாட்டின் பெரிய நகரமான யாங்கூனில் ராத்திரி எட்டு மணியானால் ஜனங்கள் வீட்டிலிருந்தபடியே சட்டி பானைகளைத் தட்டி எதிர்ப்பைக் காட்டினார்கள். அதை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.