காலா, குழந்தையா?

கேள்வி: ஒரே எழுத்துக்கூட்டம் வரும் ஆங்கிலச் சொற்களைச் சேர்த்து மனப்பாடம் செய்தால் போட்டித் தேர்வுக்கு உதவுமா? (ஒரு வாசகி, பெரம்பூர்)

பதில்: மனப்பாடமா? அதுதான் பிள்ளைகளைக் கெடுக்கிறது. 'பி-இ-டி (ped) என்றால் கால்' என்று ஒரு வரி போட்டு, கீழே இருபது சொல்லை அடுக்கும் கைடுகளை நம்பாதீர்கள்.

பெடல், பெடிக்யூர், பெடஸ்ட்ரியன் (பாதசாரி) எல்லாம் லத்தீன் வழி வந்த கால்தான். பீடியாட்ரிக்ஸில் இருப்பதோ கிரேக்கக் குழந்தை. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குப் பொருந்துவது அதுதான். ஆளைக் கவிழ்ப்பது ஆர்த்தோபீடிக்ஸ். மூட்டு வலிக்குப் போகிற இடம் என்பதால் கால் என்றே பலரும் எழுதுகிறார்கள். 1741இல் நிக்கோலா ஆந்த்ரி என்ற பிரெஞ்சு மருத்துவர், குழந்தைகளின் உடல் கோணலை நிமிர்த்தும் கலைக்கு வைத்த பெயர் அது. ஆர்த்தோஸ் என்றால் நேர், பைடியோன் என்றால் குழந்தை. கால் எங்கேயும் இல்லை.

பிரித்தறிய பிரிட்டிஷ் ஸ்பெல்லிங்கைப் பாருங்கள். பி-க்கு அடுத்து ஏ-இ இரண்டும் வந்தால் குழந்தை, இ மட்டும் வந்தால் பெரும்பாலும் கால். அமெரிக்கர்கள் அந்த ஏ-வை வெட்டிவிட்டார்கள். அமெரிக்க ஆங்கிலத்தில் ஓடும் ஸ்பெல்செக், ஏ உள்ள ஸ்பெல்லிங்கைத் தப்பு என்று சிவப்புக் கோடு போடும். அதற்குப் பயந்து நம் ஆட்களும் வெட்டுகிறார்கள். வெட்டினால் அடையாளமே போய்விடும். பெடகாகி (கற்பிக்கும் முறை) மட்டும் விதிவிலக்கு: குழந்தைதான், ஆனால் பிரிட்டனிலும் ஏ இல்லாமலே எழுதுகிறார்கள். டார்பிடோவில் காலும் இல்லை, குழந்தையும் இல்லை. ஷாக் அடித்து மரத்துப்போகச் செய்யும் திருக்கை மீனின் லத்தீன் பெயர் அது. ஸ்டாம்பீட் (மிரண்டு ஓடும் கூட்டம்) என்பதிலும் இரண்டும் இல்லை, அது ஸ்பானிஷிலிருந்து வந்தது. ஆகவே அகராதியில் சொற்பிறப்பைப் பார்த்த பிறகுதான் ஒரு சொல்லைக் கூட்டத்தில் சேர்க்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும்.

இம்பீட் என்ற சொல்லையும் எழுதிக்கொள்ளுங்கள். காலில் தளை மாட்டுவது, அதாவது தடுப்பது. தளையைக் கழற்றினால் எக்ஸ்பிடைட், அதாவது விரைவுபடுத்துவது. முதலாவதற்கு உதாரணம் வேண்டுமானால் நம் நடைபாதைகளைப் பாருங்கள். பாண்டி பஜாரில் 2019இல் பெடஸ்ட்ரியன் பிளாசா திறந்தார்கள், நல்ல காரியம். மற்ற தெருக்களில்? குடியிருப்புப் பகுதியிலேயே 1.8 மீட்டராவது தடையில்லாமல் நடக்க இடம் வேண்டும் என்கிறது சாலைகளுக்கு அளவுகோல் வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ். அந்த இடத்தில் பைக் நிற்கிறது, டிரான்ஸ்ஃபார்மர் நிற்கிறது, ஜெனரேட்டர் நிற்கிறது. நடக்கிறவர்கள் ரோட்டில் பஸ்ஸுக்கு முன்னால் நடக்கிறார்கள். முதலில் அந்த பைக்குகளுக்கு அபராதம் போடட்டும்.