மதர்போட்டை மாற்றினால் விண்டோஸும் போய்விடுமா?

கேள்வி: சேர், வீட்டிலிருந்தபடி இரண்டு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். கொம்பியூட்டர் 2018 இல் வாங்கியது, எட்டாம் தலைமுறை ஐ5. இப்போது ஐந்து தடவை அமத்தினால் ஒரு தடவைதான் எழும்புகிறது. காட்டிய கடையில் மதர்போட் பழுது, வேறு போட் போட்டால் கட்டாயம் ஃபோமட் அடிக்க வேண்டும் என்கிறார்கள். எஸ்எஸ்டியில் கணக்கெல்லாம் இருக்கிறது, ஹாட் டிஸ்கில் பிள்ளைகளின் படங்கள். விண்டோஸ் 11, போன வருஷம்தான் தம்பி புதிதாகப் போட்டுத் தந்தான். ஃபோமட் இல்லாமல் முடியவே முடியாதா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: முடியும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் போட்டை மாற்றினால் நீலத் திரையோடு நின்றுவிடுவது வழக்கம், அந்தப் பயம் இன்னும் பலருக்குப் போகவில்லை. விண்டோஸ் 10, 11 இரண்டும் புதுப் போட்டைக் கண்டால் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, போட்டை இயக்கத் தேவையான மென்பொருள்களான டிரைவர்களைத் தாமே பொருத்திக்கொண்டு பெரும்பாலும் எழும்பிவிடும். ஃபோமட் அடிப்பது கடைக்காரருக்கு லேசான வேலை, அவ்வளவுதான்.

முதலில் போட்தான் பழுதா என்று நிச்சயப்படுத்துங்கள். வேறு ஒரு நல்ல பவர் சப்ளையைக் கொழுவிப் பார்க்கச் சொல்லுங்கள், றாமைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கடலோரமாக இருக்கிறீர்கள், உப்புக்காற்று றாம் கால்களை விட்டுவைக்காது.

போட்தான் என்றால், அந்த ஐந்தில் ஒரு தடவை எழும்புகிறதே, அதுதான் உங்களுக்குக் கிடைத்திருக்கும் அவகாசம். அடுத்த தடவை எழும்பியதும் வேறெதையும் பார்க்காமல் கணக்குக் கோப்புகளை வெளி டிஸ்க் ஒன்றுக்கு எடுத்துவிடுங்கள். பிறகு செட்டிங்ஸில் டிஸ்கைப் பூட்டிவைக்கும் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' ஒன் ஆகி இருக்கிறதா என்று பாருங்கள். நான் உங்களுக்காகப் பயப்படுவது இந்த இடத்தில்தான். 2024 இல் வந்த 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால், உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே அது டிஸ்கைப் பூட்டி வைத்திருக்கக்கூடும். பூட்டைத் திறக்கும் விபரம் போட்டோடு சேர்ந்த டிபிஎம் என்ற பகுதியில் இருப்பதால், புதுப் போட்டில் கொழுவியதும் 48 இலக்க மீட்பு இலக்கத்தைத் தா என்று கேட்டு நிற்கும். எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு கொம்பியூட்டரில் கொழுவினாலும் இதே கதைதான். அந்த இலக்கம் விண்டோஸ் நிறுவியபோது கொடுத்த மைக்ரோசொஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். தம்பி தன்னுடைய கணக்கைக் கொடுத்திருந்தால் அவனிடம் கேளுங்கள். கண்டதும் கடதாசியில் எழுதி வையுங்கள். அதே எஸ்எஸ்டியில் ஒரு கோப்பாகச் சேமித்து வைத்த ஆக்களையும் நான் பார்த்திருக்கிறேன்!

அதே மைக்ரோசொஃப்ட் கணக்கின் கடவுச்சொல்லும் ஞாபகம் இருக்க வேண்டும். தினமும் நாலு இலக்கப் பின்னை அடித்து உள்ளே போகிறவர்களுக்கு அது மறந்தே போயிருக்கும். அந்தப் பின் இலக்கமும் டிபிஎம்மோடு கட்டியது, போட் மாறியதும் செல்லாது, புதுப் பின் போட இன்டர்நெட் வேண்டும். இன்டர்நெட்டுக்கோ புதுப் போட்டின் லேன் டிரைவர் வேண்டும். ஆகவே அந்த டிரைவரை முன்கூட்டியே இறக்கி ஒரு பென் டிரைவில் வையுங்கள். நான் ஒருமுறை இதைச் செய்யாமல் அரை நாள் முழித்தேன், கடைசியில் கைபேசியை யூஎஸ்பி வயரில் கொழுவி அதன் டேட்டாவில்தான் தப்பினேன்.

லைசன்ஸ் விடயமும் இருக்கிறது. போட் மாறினால் விண்டோஸ் இதை வேறு கொம்பியூட்டர் என்றுதான் எண்ணும். 'ஆக்டிவேஷன்' பக்கத்தில் லைசன்ஸ் உங்கள் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று இப்போதே காட்ட வேண்டும், இல்லாவிட்டால் இணைத்துவிடுங்கள். மாற்றிய பிறகு அங்கே உள்ள டிரபிள்ஷூட்டரில், அண்மையில் வன்பொருளை மாற்றினேன் என்பதைத் தெரிவுசெய்தால் பெரும்பாலும் சரிவரும். தனியாகக் காசு கொடுத்து வாங்கிய லைசன்ஸ் என்றால் புதுப் போட்டுக்கு மாறும், கொம்பியூட்டரோடு சேர்ந்து வந்த ஓஈஎம் லைசன்ஸ் பழைய போட்டோடு போய்விடும். போனாலும் விண்டோஸ் வேலை செய்யும், கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது.

போட் வாங்க யூனிட்டி பிளாசாப் பக்கம் போவதென்றால் சிபியுவையும் றாமையும் கையோடு கொண்டுபோங்கள். உங்கள் சிபியு போட்டில் பொருந்தும் இடமான சொக்கட் 1151. ஆறாம், ஏழாம் தலைமுறைக்கான பழைய போட்களிலும் அதே 1151தான், ஆனால் அவற்றில் உங்கள் சிபியு வேலை செய்யாது. பாவித்த போட் வாங்கும்போது இதில்தான் ஏமாறுவார்கள். எச்310 அல்லது பி360 என்ற சிப்செட் உள்ள போட் கிடைத்தால் எடுங்கள், பூட்டி ஓடவிட்டுப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.

கேள்வி: கடையில் கேட்டால் காசு பிடுங்குவார்கள் என்று போட்டை நானே மாற்றிவிட்டேன். போட்டின் செட்டிங்ஸ் திரையான பயோஸில் ஹாட் டிஸ்க் தெரிகிறது, ஆனால் விண்டோஸ் 10 எழும்பவில்லை, பூட் டிவைஸ் இல்லை என்கிறது. டிஸ்க் செத்துவிட்டதா?
- மாணவன், கொட்டாஞ்சேனை

பதில்: பயோஸில் தெரிகிறதே தம்பி, பிறகு எப்படிச் சாகும்? பழைய விண்டோஸ் எம்பிஆர் என்ற பழைய டிஸ்க் முறையில் நிறுவப்பட்டிருக்கும், புதுப் போட் யூஈஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையில் மட்டும் தேடுகிறது. பயோஸில் பழைய முறையையும் ஏற்கச் செய்யும் சிஎஸ்எம் என்று ஒன்று இருந்தால் அதை ஒன் செய்து பாருங்கள். புதுப் போட்கள் சிலவற்றில் அது கிடையாது. அப்படியானால் விண்டோஸ் நிறுவும் பென் டிரைவில் பூட் செய்து, ஷிப்ட் எஃப்10 அழுத்தி, எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியால் டிஸ்கை யூஈஎஃப்ஐக்கு ஏற்ற ஜிபிடி முறைக்கு மாற்றலாம். 2017 முதல் அது விண்டோஸோடேயே வருகிறது, கோப்புகளை அழிக்காது. ஆனாலும் அதற்கு முன் டிஸ்கை ஒரு நண்பனின் கொம்பியூட்டரில் கொழுவி முக்கியமானதைப் பிரதி எடுத்துவிடுங்கள். கருவியை முதலில் சோதனைக்கு மட்டும் ஓடவிட்டு, சரி என்று சொன்னால் மட்டும் மாற்றுங்கள். கேசிங்கில் தேவையில்லாத பித்தளைத் தாங்கி ஒன்றாவது போட்டின் அடியில் முட்டிக்கொண்டு நிற்கிறதா என்றும் ஒருக்கால் பாருங்கள், ஷோட் ஆனால் புதுப் போட்டும் போய்விடும்.

கேள்வி: விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு பாவிக்கிறேன். எனக்கும் இந்தத் தலையிடி எல்லாம் இருக்கிறதா?
- வாசகர், மருதானை

பதில்: மிகக் குறைவு. பெரும்பாலான டிரைவர்கள் உபுண்டுவின் மையப் பகுதியான கேர்னலிலேயே இருப்பதால் அநேகமாக ஒன்றுமே நடக்காதது போல எழும்பும். நெட்வொர்க் கார்டின் பெயர் மாறலாம், ஐபி முகவரியைக் கையால் கொடுத்திருந்தால் அதைத் திரும்பக் கொடுக்க வேண்டி வரும். பூட் பட்டியல் பழைய போட்டின் நினைவகத்தில் இருந்தது என்பதால், உபுண்டு பட்டியலில் தெரியாவிட்டால் லைவ் பென் டிரைவில் நுழைந்து உபுண்டுவை எழுப்பும் கிரப்பை மறுபடி நிறுவுங்கள்.