கருங்காலி என்றார்கள், கறுப்புப் படலம் வந்தது: கியூ எனும் ஸ்நூக்கர் கோல் பற்றிக் கேள்வி–பதில்

கேள்வி: ஸ்நூக்கர் பழகி ஆறு மாதம் ஆகிறது. சொந்தமாக ஒரு கியூ வாங்கப் போகிறேன். ஆஷ் மரமா, மேப்பிளா? எடை எவ்வளவு?

பதில்: இரண்டும் நல்ல மரங்களே. ஆஷ் மரத்தில் அம்பு முனைபோல ரேகைகள் தெரியும். அந்த அம்புகள் மேலே பார்க்கும்படி பிடித்தால் ஒவ்வொரு முறையும் கியூ கையில் ஒரே மாதிரி அமரும். மேப்பிளில் ரேகை மெல்லியது, மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும். குறி பார்க்கும்போது கோடுகள் கண்ணை இழுப்பதாகச் சொல்பவர்களுக்கு அது ஏற்றது. மரத்தின் பெயரைவிட ரேகையின் ஓட்டத்தைப் பாருங்கள். முனையிலிருந்து பிடிவரை நேராக ஓட வேண்டும். பாதி வழியில் சரிந்து பக்கவாட்டில் வெளியேறினால் அந்த இடம் பலவீனமானது.

எடை 17 முதல் 18 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 480 முதல் 510 கிராம். நீளம் 57 அல்லது 58 அங்குலம், முனை 9.5 மி.மீ. தொடங்குபவருக்கு இது போதும். எடையை எழுதி வாங்குங்கள். கேட்காமல் வாங்கிய ஒன்று 21 அவுன்ஸாக இருந்து என்னிடம் பயன்படாமல் கிடக்கிறது. எடை சரியாக இருந்தாலும் கனம் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும்: கியூவை ஒரு விரலில் கிடையாக நிறுத்துங்கள், அடியிலிருந்து 16 முதல் 18 அங்குலத்துக்குள் சமநிலை கிடைத்தால் நல்லது.

கேள்வி: கடையில் கியூவை மேசையில் உருட்டிப் பார்த்தேன், லேசாகத் துள்ளியது. "எல்லாக் கியூவும் துள்ளும்" என்கிறார் கடைக்காரர். உண்மையா?

பதில்: பாதி உண்மை. ஸ்நூக்கர் கியூவின் அடியில் ஒரு பக்கம் தட்டையாகச் சீவியிருப்பார்கள். அதனால் நேரான கியூவும் உருளும்போது தடக் தடக் என்று துள்ளும். மேசை மட்டம் இல்லாவிட்டாலும் அப்படித்தான். எனவே உருட்டுவது சோதனையே அல்ல. அடிப்பகுதியைக் கன்னத்தோடு வைத்து, ஒரு கண்ணை மூடி, முனையை நோக்கிப் பாருங்கள். மெதுவாக முழுச் சுற்றுத் திருப்புங்கள். நீளமான குழல் விளக்கின் கீழ் பிடித்தால் மரத்தின்மேல் விழும் ஒளிக்கோடே வளைவைக் காட்டிக்கொடுக்கும். பிடிப் பக்கம் மயிரிழை வளைந்திருந்தால் ஆட்டத்தைக் கெடுக்காது. முன்பக்கத்து மூன்றில் ஒரு பங்கில் வளைவு தெரிந்தால் கடைக்காரர் என்ன சொன்னாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: கோடையில் மூன்று நாள் காருக்குள்ளேயே கியூ இருந்தது. இப்போது வளைந்திருக்கிறது. நெருப்பில் காட்டி நிமிர்த்தலாமா?

பதில்: கூடாது. கருகும், இல்லையென்றால் பசை விடும்.

கேள்வி: "கையால் ஒட்டுவேலை செய்த அசல் கருங்காலிக் கியூ" என்று இணையத்தில் வாங்கினேன். இரண்டே மாதத்தில் பிடியின் ஓரம் உரிகிறது, உள்ளே வெளிர் மரம். விற்றவர் "நீங்கள்தான் கீறிவிட்டீர்கள்" என்கிறார்.

பதில்: நீங்கள் கீறவில்லை. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். மர நிறத்தில் அச்சடித்த படலத்தை ஒட்டி, மேலே வார்னிஷ் பூசி, கருங்காலி விலைக்கு விற்பது இந்தத் தொழிலில் எனக்குப் பொறுக்காத விஷயம். அப்படி ஒன்றை நம்பி வாங்கியவர்களில் நானும் உண்டு.

கைவேலையில் ஆஷ் தண்டின் பிடிப் பக்கத்தை நான்கு முகங்களாகச் சரிவாக இழைத்து, ஒவ்வொரு முகத்திலும் கருங்காலித் துண்டை ஒட்டி, பிறகு எல்லாவற்றையும் சேர்த்து உருண்டையாக இழைப்பார்கள். சரிவான தட்டை முகம் உருண்டையைச் சந்திப்பதால் ஒவ்வொரு துண்டின் நுனியும் நாக்குபோல வளைந்து முடியும். இயந்திர வேலையில் இரு மரங்களையும் பல் பல்லாக வெட்டிக் கோத்து ஒட்டுகிறார்கள். அதன் நுனிகள் ஊசிபோலக் கூராகவும் ஓரங்கள் நேராகவும் இருக்கும். இயந்திர வேலை மட்டமானதல்ல; நல்ல பசையோடு செய்தால் பல்லாண்டு நிற்கும். அதைக் கைவேலை என்று விற்பதுதான் பொய். படலம் ஒட்டியதோ இரண்டுமே இல்லை. உள்ளே மரம் எப்படிச் சேர்ந்திருக்கிறது என்றே உங்களுக்குத் தெரியாது.

வாங்கும்போது கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கருங்காலி நெருக்கமான மரம், துளைகள் கண்ணுக்குத் தெரிவது அரிது. ஆஷ் மரத்தின் துளைகள் கோடு கோடாகப் பெரிதாகத் தெரியும். கறுப்புப் பகுதியிலும் அதே கரடுமுரடான கோடுகள் தொடர்ந்தால் அது சாயம். உருப்பெருக்கிக் கண்ணாடியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சு. நான்கு நுனிகளிலும் ஒரே ரேகை திரும்பத் திரும்ப வந்தாலும் அச்சுதான். விளிம்பில் நகத்தை ஓட்டினால் படி தட்டும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது: மேலும் உரிக்காதீர்கள். உரிந்த இடத்தை வெளிச்சத்தில் படம் எடுங்கள். விளம்பரத்தில் "அசல் கருங்காலி" என்று இருக்கும் பக்கத்தை, விற்றவர் மாற்றிவிடுமுன், படமாகச் சேமியுங்கள். தொலைபேசியில் பேசாமல் எழுத்தில் முழுப்பணம் கேளுங்கள். "சேதம்" என்று எழுதாதீர்கள், "விவரித்த பொருள் அல்ல" என்று எழுதுங்கள். சேதம் யாரால் என்ற வாதத்துக்கே அப்போது இடமில்லை. மறுத்தால் விற்பனைத் தளத்திலும் பணம் செலுத்திய வங்கியிலும் அதே சொற்களில் புகார் கொடுங்கள்.

கேள்வி: கியூ முனையில் புது டிப் (பந்தைத் தொடும் தோல் வட்டு) ஒட்டினால் வாரத்தில் கழன்றுவிடுகிறது. மூன்று விதப் பசை மாற்றிவிட்டேன்.

பதில்: பசையைக் குறை சொல்லாதீர்கள், ஒட்டும் முகத்தைப் பாருங்கள். பழைய டிப்பைக் கூரான கத்தியால் எடுத்து, மிச்சப் பசை முழுவதையும் சுரண்டுங்கள். ஸ்நூக்கர் கியூவின் பித்தளை வளையம் பெரும்பாலும் மேலே திறந்திருக்கும், நடுவில் மரமே டிப்பைத் தாங்கும். அந்த மரம் நசுங்கிப் பள்ளமாகிவிட்டால் டிப் மெல்லிய விளிம்பில் மட்டும் ஒட்டி நிற்கும், எந்தப் பசையாலும் அது நிலைக்காது. உங்களுடையது அப்படி இருந்தால் கியூ பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து மட்டமாக்குங்கள்.

மட்டமாக இருந்தால் டிப்பின் அடியைத் தட்டையான இடத்தில் வைத்த உப்புத்தாளில் தேய்த்துப் பளபளப்பைப் போக்குங்கள். 9.5 மி.மீ. வளையத்துக்கு 10 மி.மீ. டிப். ஜெல் வகைச் சூப்பர் குளூ மெல்லிய ஒரு பூச்சு போதும். நடுவில் வைத்து ஒரு நிமிடம் அழுத்தி, இரவு முழுக்க விடுங்கள். மறுநாள் கியூவைத் தலைகீழாக்கி, டிப்பைப் பலகையில் ஊன்றி, வளையத்தின் ஓரமாகக் கீழ்நோக்கிச் சீவுங்கள். சீவிய ஓரத்தைத் தேய்க்குமுன் வளையத்தைச் சுற்றி டேப் ஒட்டாவிட்டால் பித்தளையும் மரமும் தேயும்.

கேள்வி: என் ஸ்நூக்கர் கியூவால் பூல் ஆட்டத்தின் பிரேக் (பந்துக் குவியலைக் கலைக்கும் முதல் அடி) அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். பூல் பந்து 57 மி.மீ., ஸ்நூக்கர் பந்து 52.5 மி.மீ.; அந்தக் கனத்தைப் பலமாக அடிக்க 9.5 மி.மீ. முனை செய்யப்படவில்லை. பிரேக்கைக் கிளப்பில் உள்ள பொதுக் கியூவால் அடியுங்கள்.

கேள்வி: கியூவின் ஷாஃப்ட் (தண்டு) பிசுபிசுக்கிறது. மாதம் ஒருமுறை உப்புத்தாள் போடுகிறேன். சரிதானே?

பதில்: தவறு, இன்றே நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் மரம் குறைகிறது. சில மாதங்களில் பித்தளை வளையம் மரத்தைவிடத் தடித்து, விரலில் படியாகத் தட்டும். போன மரம் திரும்ப வராது. பிசுபிசுப்பு வியர்வையும் டிப்பில் பூசும் சாக் தூளும்தான். துணியை நனைத்து, சொட்டு நீர் இல்லாமல் பிழிந்து, முனையிலிருந்து கீழே துடையுங்கள். உடனே உலர்ந்த துணியால் கை சூடு உணரும்வரை வேகமாகத் தேயுங்கள்.

எண்ணெய்ப் பூச்சுள்ள ஆஷ் கியூவாக இருந்தால் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை ஆளிவிதை எண்ணெய் சில சொட்டுகள் தடவி, அரைமணியில் முழுவதும் துடைத்து, ஒரு நாள் விடுங்கள். வார்னிஷ் அடித்த கியூவுக்கு எண்ணெய் உள்ளே போகாது, ஒட்டும் படலமாக நிற்கும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள்: அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே உலர்த்துங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து வையுங்கள்.

கேள்வி: யானைத் தந்த வளையம் உள்ள பழைய கியூ வெளிநாட்டில் விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்துக்கு 1989-இல் முடிவான தடை 1990-இல் நடைமுறைக்கு வந்தது. சுங்கத்தில் கியூவும் போகும், பணமும் போகும்.

கேள்வி: இரண்டு துண்டுக் கியூ. அடிக்கும்போது இணைப்பில் 'டிக்' என்று ஒலி வருகிறது.

பதில்: கழற்றி, இரு முகங்களையும் திருகையும் உலர்ந்த துணியால் துடைத்து, மெதுவாக முழுவதும் திருகுங்கள். பிறகும் ஒலித்தால் இணைப்பு வளையமோ திருகோ உள்ளே ஆடுகிறது. பலமாக முறுக்கினால் மரம் பிளக்கும், பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.