போதுஞ்சாமி, உடு

அண்ணா வணக்கம்,

நாலஞ்சு வருசமா உங்க எழுத்தைப் படிச்சுட்டு இருக்கேன், எழுதறது இதுதான் முதல் தடவை. எங்கப்பாவுக்கு 87 ஆகுது. கோபி பக்கம் கிராமம், மஞ்சக்காடு, ரெண்டு மாடுன்னு இருந்தவர். மூணு வருசம் முன்னாடி பக்கவாதம் வந்துச்சு, அப்புறம் மறதி ஆரம்பிச்சு இப்ப என்னையே அவரோட அக்கான்னு நெனச்சுக்கறார். எட்டு மாசமா படுக்கைதான். நாளைக்கு நாலு வார்த்தை பேசுனா அதிகம். ஒரு மாசமா சாப்பாடு குறைஞ்சு குறைஞ்சு இப்ப ராகிக் கஞ்சி ரெண்டு ஸ்பூன் உள்ள போறதே பெரும்பாடு. வாயிலயே வெச்சுட்டு இருப்பார், இல்லைன்னா பொரை ஏறிடும். மறுபடி ஊட்டப்போனா கையைத் தட்டிவிட்டுட்டு "போதுஞ்சாமி, உடு"ங்கறார்.

போன வாரம் டவுன்ல பெரிய ஆஸ்பத்திரில காட்டுனோம். ரத்தம், ஸ்கேன் எல்லாம் பாத்துட்டு மூக்கு வழியா ட்யூப் போட்டுக்கலாம், பின்னாடி வேணும்னா வயித்துல ஓட்டை போட்டு வெச்சுக்கலாம்னாங்க. யோசிச்சுச் சொல்றேன்னு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். துபாய்ல இருக்கற எங்கண்ணன் தெனமும் வீடியோ கால்ல வந்து "அப்பாவைப் பட்டினி போட்டுக் கொல்லப்போறயா, காசு நான் அனுப்பறேன், ட்யூபைப் போடு"ங்கறான். பாக்க வர்ற சொந்தக்காரங்க ஒரு பாட்டில் குளுக்கோஸாச்சும் ஏத்தலாமில்லங்கறாங்க. நான் பண்றது சரியா தப்பா தெரியலைங்கண்ணா. ராத்திரி தூக்கம் இல்லை. பேர் போடாம பதில் எழுதுங்க.

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

டாக்டர் என்ன சொன்னார், அண்ணன் என்ன சொன்னார், சொந்தக்காரங்க என்ன சொன்னாங்கன்னு எல்லாம் விவரமா எழுதிட்டு உங்கப்பா சொன்னதை மட்டும் ஒரே வரியில தாண்டிப் போயிட்டீங்க. நான் அங்கயே நின்னுட்டேன். நாளைக்கு நாலு வார்த்தை பேசற மனுசன், அதுல ரெண்டு வார்த்தையை இதுக்குச் செலவு பண்றார்.

அதுக்காக உடனே சரி விட்டுடலாம்னும் சொல்லமாட்டேன். வயசானவங்க சாப்பாட்டை ஒதுக்கறதுக்கு சாதாரணக் காரணமும் நிறைய இருக்கு, அதையெல்லாம் பாக்காம "வயசாச்சு"ன்னு மூடி வெச்சுடறது நம்ம ஊர்ல ரொம்ப நடக்குது. ரத்தத்துல சோடியம்ங்கற உப்பு குறைஞ்சிருக்கும். யூரின்ல இன்ஃபெக்‌ஷன் இருக்கும், பெரியவங்களுக்கு அது சில சமயம் காய்ச்சலே இல்லாம வெறும் குழப்பமாத்தான் வெளிய தெரியும். நாலு நாளா வெளிக்குப் போகாம வயிறு கல்லா இருக்கும். வாய்க்குள்ள வெள்ளை வெள்ளையா பூஞ்சை பிடிச்சு எதை வெச்சாலும் எரியும். பல்செட் லூசாகி ஈறைக் குத்தும். புதுசா ஆரம்பிச்ச ஏதோ ஒரு மாத்திரை பசியை அடிச்சிருக்கும். எங்க பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருத்தங்க இப்படித்தான், இன்னைக்கோ நாளைக்கோன்னு சொல்லி பேத்தி கல்யாணத்தை ரெண்டு மாசம் முன்னாடி இழுத்தாங்க, கடைசியில பாத்தா சோடியம். அதை ஏத்துனதும் எந்திரிச்சு உக்காந்து, கல்யாணப் பந்தியில சாம்பார் தண்ணியா இருக்குன்னு சமையல்காரர்கிட்ட சண்டை போட்டாங்க. உங்கப்பாவுக்கு டெஸ்ட் எல்லாம் பாத்தாச்சுங்கறதால முக்கால்வாசி கழிஞ்சிருக்கும். வாயை மட்டும் டார்ச் அடிச்சு நீங்களே ஒரு தடவை பாத்துடுங்க, பல இடத்துல அதைப் பாக்கறதே இல்லை.

அதுவும் சரியா இருந்துச்சுன்னா, அப்புறம் நடக்கறது வேற. சாப்பிடாததால உங்கப்பா போயிட்டு இருக்கார்னு அண்ணன் நெனைக்கறார். நான் புரிஞ்சுக்கிட்ட வரைக்கும் அது தலைகீழ். உடம்பு கிளம்ப ஆரம்பிச்சுடுச்சு, அதனால சாப்பாடு வேண்டாம்ங்குது. மறதி நோய் முத்தும்போது போறது ஞாபகம் மட்டும் இல்லை, முழுங்கறதும் போயிடும். நாக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் மேல இருக்கற மூடின்னு எல்லாம் ஒண்ணு சேந்து ஒரு நொடியில பண்ற வேலை அது, மூளை உத்தரவு குடுக்கறதை நிறுத்திட்டா கஞ்சி வாயிலயே நிக்கும். இவர் வெச்சுட்டு இருக்கார்னு எழுதியிருக்கீங்களே, அது அடம் இல்லை. உள்ள போனாலும் குடலுக்கு அதை வாங்கி வேலை பாக்கத் தெம்பில்லை. சாப்பாடு நின்ன உடம்புல கொஞ்ச நாள்ல பசியும் அடங்கிடுது, நாம ஒருவேளை பட்டினி கிடந்தா வயித்தைக் கிள்ளுதே, அந்தக் கணக்கை வெச்சு அவரை அளக்கக் கூடாது.

எங்கம்மா கதையைச் சொல்லணும். இதுவரைக்கும் எழுதுனதில்லை.

2016ல அம்மாவுக்கு 81. உங்கப்பா மாதிரியேதான், பக்கவாதம், மறதி, படுக்கை. ஒரு ஆஸ்பத்திரில மூக்குல ட்யூப் போடலாமான்னு கேட்டாங்க, நான் ரெண்டாவது வார்த்தை பேசாம கையெழுத்துப் போட்டேன், மாட்டேன்னு சொன்னா நல்ல மகன் இல்லைன்னு ஆயிடும்னு ஒரு பயம். அம்மா முதல் ராத்திரியே புடுங்கிப் போட்டுட்டாங்க. திரும்பப் போட்டாங்க, திரும்பப் புடுங்குனாங்க. மூணாவது தடவை ரெண்டு கையையும் காஸ் துணியால கட்டில் கம்பியோட கட்டிட்டாங்க. சாயந்திரம் பார்வையாளர் நேரம் அரை மணி. நான் போனதும் வலது கையை அவிழ்த்து விடுவேன். அந்தக் கை நேரா என் சட்டைக்கு வந்து கீழ் ஓரத்தை ரெண்டு விரலால பிடிச்சு தடவிக்கிட்டே இருக்கும், துணிக்கடையில அளவு பாக்கற மாதிரி. அம்மா டெய்லர் வேலை பாத்தவங்க. நேரம் முடிஞ்சதும் சிஸ்டர் வேற பெட்ல பிசியா இருப்பாங்க, அதனால நானே திரும்பக் கட்டிட்டு வருவேன். பத்தொன்பது நாள். அவ்வளவு பண்ணியும் கடைசியில நிமோனியாதான் வந்துச்சு. சாப்பாட்டை ட்யூப்ல விட்டாலும் எச்சிலும், வயித்துல இருந்து எதுக்களிச்சு வர்றதும் நுரையீரலுக்குப் போறதை எந்த ட்யூபும் தடுக்காதுன்னு அப்ப எனக்கு யாரும் சொல்லலை. நானும் கேக்கலை, அதையும் சொல்லணும்.

அப்புறம்தான் தேடித் தேடிப் படிச்சேன். அமெரிக்கன் ஜீரியாட்ரிக்ஸ் சொசைட்டின்னு அங்க முதியோர் மருத்துவம் பாக்கறவங்களோட சங்கம், 2014லயே முத்தின டிமென்ஷியாவுக்கு, அதாவது இந்த மறதி நோய்க்கு, ட்யூப் வேண்டாம், கையால பதமா ஊட்டுங்கன்னு நேராச் சொல்லியிருக்காங்க. ட்யூப் போட்டு ஆயுசும் கூடலை, நிமோனியாவும் குறையலை, மாறா பேசண்டைக் கட்டிப்போடறதும் படுக்கைப்புண்ணும்தான் கூடுதுங்கறாங்க. ட்யூபே தப்புன்னு நான் சொல்ல வரலை, பக்கவாதம் புதுசா வந்து சில வாரத்துல முழுங்கற சக்தி திரும்பும்னு இருக்கறவங்களுக்கு அது உயிர் காக்கற சாமான். நீங்க டாக்டர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க, "போட்டா எப்ப எடுப்போம்?" அவர்கிட்ட அதுக்குப் பதில் இருந்தா நான் எழுதுனதைக் கிழிச்சுப் போட்டுட்டு அவர் சொல்றதைக் கேளுங்க.

குளுக்கோஸ் விஷயம். சொந்தக்காரங்களுக்கு அந்த பாட்டில் தொங்குனாத்தான் ஏதோ நடக்குதுன்னு திருப்தி. சாதாரணமா ஏத்தற அரை லிட்டர் டெக்ஸ்ட்ரோஸ்ல, அதாவது அந்த குளுக்கோஸ் தண்ணியில, இருக்கற சர்க்கரை 25 கிராம், நூறு கலோரி கூடத் தேறாது, நாம குடிக்கற ரெண்டு காப்பிக்குப் போடற சர்க்கரைதான். தண்ணி வேணுமேன்னா, சிறுநீரகம் சோர்ந்து போன உடம்புல ஏத்தற தண்ணி காலை வீங்க வைக்கும், நெஞ்சுல போய் நின்னு மூச்சுல கொரகொரப்பைக் கூட்டும். அவருக்குத் தொந்தரவா இருக்கப்போறது வாய் காயறதுதான். அதுக்கு சுத்தமான துணியையோ பஞ்சையோ ஈரம் பண்ணி மணிக்கொரு தடவை உதட்டையும் நாக்கையும் தொடச்சு விடுங்க, உதட்டுல கொஞ்சம் வாசலின். எங்கத்தை போனது வீட்டுல, அவங்களுக்குக் கடைசி மூணு நாள் டிக்காஷன் காப்பியில பஞ்சை நனைச்சுத் தடவுனோம், கண்ணைத் தொறக்காமயே சப்புக் கொட்டுவாங்க. உங்கப்பா மாட்டுக்காரர், மோர் பிடிக்குமா இருக்கும். பொரை ஏறாம ஒரு சொட்டு ரெண்டு சொட்டு, அவர் கேட்டா மட்டும். வாயை மூடிக்கிட்டா ஸ்பூனைக் கீழ வெச்சுடுங்க.

ஊட்டறதை நிறுத்திட்டா நமக்கு வேலையே இல்லாத மாதிரி ஆயிடுது பாருங்க, அதுதான் கஷ்டம். நம்ம ஊர்ல பாசம்னாலே சாப்பாடுதானே, வீட்டுக்கு வர்றவங்களை எப்படி இருக்கீங்கன்னு கேக்கறதுக்கு முன்னாடி சாப்டீங்களான்னுதான் கேக்கறோம். ஆனா வேலை நிறைய இருக்கு. ரெண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைக்கறது, முதுகைப் பாக்கறது, ஷேவ் பண்ணி விடறது. அவருக்கு வலியோ மூச்சுத் திணறலோ இருந்தா பொறுத்துக்கட்டும்னு விடாதீங்க, அதுக்கு மருந்து இருக்கு. இப்படி நோயைக் குணமாக்க முடியாட்டியும் வலியையும் தொந்தரவையும் குறைச்சுப் பாத்துக்கறதுக்குப் பேர்தான் பாலியேட்டிவ் கேர். நம்ம பக்கத்துல கேரளாவுல, கோழிக்கோட்டுல 1993ல கொஞ்சம் டாக்டர்கள் சேந்து ஆரம்பிச்ச வேலை, இன்னைக்கு அங்க ஊர்க்காரங்களே வீடு வீடாப் போய்ப் பாத்துக்கற அளவுக்கு வளந்திருக்கு. பாலியேட்டிவ் கேர்னா கேன்சருக்கு மட்டும்னு ஒரு நெனப்பு இருக்கு, அப்படி இல்லை. தமிழ்நாட்டுல 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துலயும் வீட்டுக்கு வந்து பாலியேட்டிவ் பாக்கறது ஒரு பகுதி. உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல போய் நேர்ல கேளுங்க, போன்ல கேட்டா வேலைக்கு ஆகாது. பக்கத்துல டாக்டர் ஒருத்தரை இப்பவே வந்து பாத்துட்டுப் போகச் சொல்லி வெச்சுக்குங்க, பின்னாடி சர்டிபிகேட்டுக்கு அலையக்கூடாது.

இனி என்ன வரும்னு சொல்லிடறேன், தெரியாம இருந்தா நடுராத்திரி பயந்துபோய் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவீங்க, அது நேரா ஐசியூவுலதான் போய் நிக்கும். தூக்கம் கூடிக்கிட்டே போகும். கை கால் சில்லுன்னு ஆகும், முட்டிகிட்ட ஊதா ஊதாவா திட்டு வரும். மூச்சு வேகமா ஏறும், இறங்கும், அப்படியே நிக்கும், நீங்க எண்ண ஆரம்பிப்பீங்க, போயிட்டார்னு நெனைக்கும்போது திரும்ப ஆரம்பிக்கும். தொண்டையில கொரகொரன்னு ஒரு சத்தம் வரும், கேக்கறவங்களுக்குத்தான் அது கொடுமை, அந்த நிலைமைல அவருக்கு அது தெரியறதில்லைன்னுதான் டாக்டர்ங்க சொல்றாங்க, ஒருக்களிச்சுப் படுக்க வெச்சா குறையும். நடுவுல ஒருநாள் திடீர்னு தெளிஞ்சு பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் கூப்பிடுவார், அதை நம்பி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடாதீங்க, பக்கத்துல உக்காந்துக்குங்க.

அண்ணன் மேல கோவப்படாதீங்க. இதுக்கு அமெரிக்க டாக்டர்ங்ககிட்ட ஒரு பேரே இருக்கு, "கலிஃபோர்னியாவுல இருந்து வந்த மகள்"னு. தூரத்துல இருந்து வர்றவங்கதான் எல்லாத்தையும் பண்ணுங்கன்னு சத்தம் போடுவாங்களாம். கலிஃபோர்னியாக்காரங்க அதையே "நியூயார்க்ல இருந்து வந்த மகள்"ங்கறாங்களாம், அது வேற. பக்கத்துல இருக்கற நீங்க எட்டு மாசமா கொஞ்சம் கொஞ்சமா பாத்துப் பழகிட்டீங்க, அவருக்கு அது நாலு இஞ்ச் போன்ல ஒரே நாள்ல வந்து விழுது. கூட இல்லையேங்கற குத்தம் ட்யூபா வெளிய வருது. 2016ல நான் அந்த ஊர்லயே இருந்தும் எனக்கே அப்படித்தான் வந்துச்சு.

உங்கப்பா எதையும் எழுதி வைக்கலை, அவர் காலத்துல யாரும் எழுதலை. நமக்கு வழி இருக்கு. 2018 மார்ச்ல சுப்ரீம் கோர்ட் கண்ணியமாச் சாகறதும் உரிமைன்னு சொல்லி லிவிங் வில்லை, அதாவது பின்னாடி நம்மால சொல்ல முடியாமப் போனா எந்த வைத்தியம் வேண்டாம்னு இப்பவே எழுதி வைக்கறதை, ஒத்துக்கிச்சு, ஆனா மாஜிஸ்திரேட் கையெழுத்து அது இதுன்னு சிக்கலா இருந்துச்சு, 2023 ஜனவரியில அதை ரெண்டு சாட்சியும் ஒரு நோட்டரியும் இருந்தாப் போதும்னு ஆக்கிட்டாங்க. நான் எழுதிட்டேன். அதைப் படிச்சுட்டு என் சம்சாரம் ரெண்டு நாள் பேசலை, மூணாவது நாள் வந்து எனக்கும் ஒண்ணு எழுதுங்கன்னாங்க.

கடைசியா, தெனமும் அந்த வீடியோ காலை நிறுத்திடுங்க. அப்பா முகத்தைக் காட்டக் காட்ட அண்ணனுக்குப் பதட்டம்தான் ஏறும். அதுக்குப் பதிலா ஸ்பீக்கர்ல போட்டு போனை அப்பா காதுகிட்ட வெச்சுட்டு நீங்க அந்தப் பக்கம் போயிடுங்க. சாகப்போறவங்களுக்கு காது கடைசி வரைக்கும் கேக்கும்னு பெரியவங்க சொல்லுவாங்க, கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்காரங்களும் 2020ல நினைவில்லாம கிடந்தவங்க சிலரோட மூளை அலையைப் பதிஞ்சு பாத்துட்டு சத்தத்துக்கு அது அசையுதுன்னாங்க. மாட்டைப் பத்தி, மஞ்சக்காட்டைப் பத்தி, சின்ன வயசுல அடி வாங்குனதைப் பத்தி எதையாச்சும் அண்ணனைப் பேசச் சொல்லுங்க. அவர் ட்யூபைப் பத்திப் பேசணும்னா என்கிட்ட பேசட்டும். நம்பரை மெயில்ல அனுப்புங்க. அவருக்கு ராத்திரி ஒம்பதுன்னா நமக்குப் பத்தரை, நான் பன்னெண்டு வரைக்கும் முழிச்சுத்தான் இருப்பேன்.