காலநிலைப் படிப்பும் கலெக்டர் ஆபீஸும்

அன்புள்ள ஐயா,

நான் மேலூர் பக்கம். இயற்பியல் எம்.எஸ்சி. முடித்திருக்கிறேன். புனேயில் காலநிலை ஆய்வில் பிஎச்டி சேர இடம் கிடைத்திருக்கிறது. எனக்கோ அரசு முடிவெடுக்கிற இடத்தில், ஊர்ப்பக்கமே வேலை செய்ய ஆசை. அப்பா விவசாயி. "2050-ல மழை எப்படி இருக்கும்னு சொல்லுவே, இந்த வருசம் கால்வாயில தண்ணி எப்ப வரும்னு சொல்லுவியா?" என்கிறார். புனே போவதா, இங்கேயே வேலை தேடுவதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அப்பாவின் கேள்வியைக் கேலி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் தேடுகிற வேலையே அதற்குள்தான் இருக்கிறது.

பெரியாறு கால்வாய்ப் பாசனத்தில் பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோகம், அதாவது வருடத்துக்கு இரண்டு சாகுபடி; அதைத் தாண்டி உங்கள் மேலூர் ஒருபோகம். வைகை அணையில் இருப்பு எவ்வளவு, முல்லைப் பெரியாறு அணை எவ்வளவு தரும் என்று பார்த்துத்தான் தண்ணீர் திறக்க உத்தரவு வருகிறது. அதற்கு முன்னால் எந்தப் பொறியாளர் எந்தக் கணக்கை, எப்போது எழுதி மேலே அனுப்புகிறார்? இது தெரியாமல் மழையையும் வெயிலையும் கணினியில் கணக்கிடும் காலநிலை மாதிரி எவ்வளவு நல்லதாகக் கொண்டுபோனாலும் பிரயோஜனம் இல்லை. பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடும் உலகக் காலநிலை மாதிரிகள் பலவற்றில் ஒரு கட்டமே ஏறத்தாழ 100 கிலோமீட்டர். தேனியும் மதுரையும் ஒரே கட்டத்துக்குள் விழுந்துவிடலாம். பெரியாறு நிரம்புவது பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழையில். மேலூர்க் கண்மாய்களுக்கு வடகிழக்குதான் கதி. இரண்டுக்கும் சேர்த்து ஒரு சராசரியைக் கொடுத்தால், பொறியாளர் மரியாதையாக வாங்கி வைத்துவிட்டுப் பழைய ரிஜிஸ்டரைப் புரட்டுவார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

ஓர் எண் எப்படி நடவடிக்கை ஆகிறது என்பதற்கு அதே வைகை அணையைப் பாருங்கள். மொத்தம் 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. எந்த அடியில் கரையோர மக்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அங்கே யாரும் உட்கார்ந்து விவாதிப்பதில்லை. வெயிலுக்கு இப்படி ஒன்றை அகமதாபாத் செய்தது. 2010 வெப்ப அலையில் அங்கே ஆயிரத்துக்கும் மேல் கூடுதல் மரணங்கள். மாநகராட்சியும் மருத்துவர்களும் விஞ்ஞானிகளும் உட்கார்ந்து பேசி, 2013-ல் வெப்பச் செயல்திட்டம் கொண்டுவந்தார்கள். எத்தனை டிகிரியில் எந்த நிறம், அந்த நிறத்துக்கு யார் என்ன செய்வது என்பதெல்லாம் அதில் முன்கூட்டியே எழுதியிருக்கும். தமிழ்நாடும் 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. சித்திரை வெயிலில் மதுரை மாட்டுத்தாவணியில் மூட்டை தூக்குகிறவருக்கு அந்த அறிவிப்பு எந்த மணியிலிருந்து எந்த மணிவரை ஓய்வாக மாறும்? அதை எழுதித் தர ஆள் வேண்டும்.

சரி, வேலை. தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம் 2022-ல் தொடங்கியது, மாவட்டத்தில் கலெக்டர் தலைமையில் நடக்கிறது. முதல்வரின் பசுமை ஃபெலோஷிப்பும் இருக்கிறது. ஆனால் இவற்றில் பல காலவரையறை உள்ள வேலைகள். நீங்கள் பழகி வைத்த கலெக்டர் மாற்றலாகிப் போவார், அப்புறம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நான் புனே போகத்தான் சொல்வேன். கூட்டத்தில் "நிச்சயமா?" என்று ஒருவர் கேட்பார். "பத்தில் மூன்று வருடம் இப்படி ஆகலாம்" என்று கூசாமல் சொல்லவும், அந்த மூன்றை ஏழாக்கச் சொன்னால் மறுக்கவும் கணக்கில் பிடிமானம் வேண்டும். அது இங்கே ஃபைல் சுமந்து வராது. ஆய்வுக் கேள்வியை மட்டும் இங்கிருந்து எடுத்துப் போங்கள். கிளம்புவதற்குள் மதுரை நீர்வளத் துறை அலுவலகத்துக்குப் போய், ஒருபோகத் திறப்புக்கு என்னென்ன பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். அப்பாவையும் கூட்டிப்போங்கள், அவர் கேட்கிற தோரணையில் பதில் வரும்.