பதிவுசெய்யும்போதே போய்விடுகிறவர்களிடம் சர்வே எடுக்கலாமா?

வணக்கம். உங்கள் செலவுக்கணக்கு ஆப்பை 400 பேர் இறக்கியும் பாதிப் பேர் பதிவுசெய்யும் கட்டத்திலேயே நின்றுவிடுகிறார்கள். சர்வே அனுப்புவதா, எத்தனை பேர் எந்தத் திரைவரை போகிறார்கள் என்று எண்ணிக் காட்டும் கூகுள் கருவியான ஃபயர்பேஸ் அனலிட்டிக்ஸ் சேர்ப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அனலிட்டிக்ஸ்தான். சர்வே போய்ச் சேருவது ஆப்பில் தங்கியவர்களுக்கு. கிளம்பிப் போனவர் எதற்குப் பதில் எழுதப்போகிறார்? தங்கியவர்கள் டார்க் மோட் கேட்பார்கள், நீங்களும் ஒரு மாதம் அதிலேயே உட்கார்ந்துவிடுவீர்கள்.

அதற்காக எல்லாத் தட்டலையும் பதிய வேண்டாம். எண் கேட்கும் திரை, ஓடிபி திரை, முதல் செலவுப் பதிவு, இந்த மூன்று போதும். ஃபோன் எண்ணை மட்டும் அதற்குள் அனுப்பிவிடாதீர்கள், கூகுள் விதிப்படி அது கூடாது.

எங்கே ஆள் குறைகிறது என்பது தெரிந்துவிடும். ஏன் என்பது தெரியாது. எங்கள் ஆப்பில் ஓடிபி திரையில் கூட்டம் கரைந்தது. எஸ்எம்எஸ் தாமதம் என்றே நினைத்து இரண்டு வாரம் வீணடித்தோம். ஒருவரை எதிரில் உட்காரவைத்துப் பார்த்தபோதுதான், சின்னத் திரை ஃபோன்களில் கீபோர்டு பட்டனை மறைப்பது தெரிந்தது. எந்தச் சர்வேயிலும் அது வந்திருக்காது. ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான சிக்கல்கள் வெளிவந்துவிடும் என்று, மென்பொருளை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதை ஆராயும் நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதினார். உங்கள் அளவுக்கு அது தாராளம்.

சர்வேயை, அடுத்து எந்த வசதியைச் செய்வது என்ற கேள்விக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், எந்தத் திரையில் குறைகிறது என்று பார்த்ததும் சொல்லுங்கள்.